ஹேண்டில்பாருக்குத் தனி போன்

பைக் ஹேண்டில்பாரில் மாட்டும் போனும், பிள்ளைகளைப் படம் எடுக்கும் போனும் ஒன்றாக இருக்கக் கூடாது. வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது "எந்த போன் வாங்கலாம்?" என்று கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான். கேமரா நன்றாக இருக்கும் போனைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள்.

காரணம் அந்தக் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. விலை கூடின போன்களில் ஓ.ஐ.எஸ். என்று ஓர் ஏற்பாடு உண்டு. நம் கை லேசாக நடுங்கினாலும் படம் கலங்காமல் இருக்க, உள்ளே லென்ஸை மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, காந்தத்தையும் காயிலையும் கொண்டு நடுக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நகர்த்துவார்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கச் செய்தது அது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 5,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் கிராங்க் நொடிக்கு 83 முறை சுற்றுகிறது. அத்தனை முறை ஹேண்டில்பாரும் அதிர்கிறது. நம் ஊரில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர்தான். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய் வருகிறவரின் போன் மாதக்கணக்கில் இந்த அதிர்வை வாங்கினால் அந்த ஸ்பிரிங் என்ன ஆகும்?

இது என் யூகம் இல்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே இதை எழுதி வெளியிட்டது. சக்தி மிகுந்த மோட்டார்சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் தரத்தைக் குறைக்கலாம், அதனால் அந்த வண்டிகளில் மாட்டாமல் இருப்பது நல்லது என்றார்கள். ஸ்கூட்டர், மொபெட்டில் அதிர்வு குறைவுதான், ஆனாலும் அதிர்வைக் குறைக்கும் மவுண்ட் போட்டுக்கொள்ளுங்கள், நீண்ட நேரம் தொடர்ந்து மாட்ட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஓ.ஐ.எஸ். இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களுக்குள்ளும் வேலை நடக்கும் விதம் இதேதான்.

பெருங்குடியில் ஒரு டீக்கடையில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டெலிவரி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் டீ குடித்துவிட்டுப் பணம் அனுப்ப கியூஆர் அட்டைக்கு நேராக போனைப் பிடித்தார். திரையில் அந்தக் கட்டங்கள் நிற்கவே இல்லை, தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடின. போனிலிருந்து 'கிர்ர்' என்று மெல்லிய சத்தம் வேறு. முன்னே கொண்டுபோனார், பின்னே இழுத்தார், முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஸ்கேன் ஆகவில்லை.

"அண்ணே, நம்பர் சொல்லுங்க, போட்டு அனுப்பிடறேன்" என்றார்.

"எத்தனை நாளாப்பா இப்படி?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா இருக்குண்ணே. பார்சலை வாசல்ல வச்சு போட்டோ எடுக்கச் சொல்றாங்க. எடுத்தா எல்லாம் கலங்கித்தான் வருது."

போன் எப்போதும் ஹேண்டில்பாரில்தான் இருக்குமா என்று கேட்டேன். வேறு எங்கே வைப்பது என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேலை நேரம் முழுக்க மேப்பைப் பார்க்க வேண்டியவர் அவர். கேமரா மாட்யூல் மாற்றுவது அவருக்குச் சின்னச் செலவு இல்லை.

அதனால்தான் தனி போன் என்கிறேன். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய போன் போதும். ஒரே நிபந்தனை, பேட்டரி உப்பியிருக்கக் கூடாது. பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தாலும் வெயிலில் வைக்காதீர்கள், ஆபத்து. புதிதாக வாங்குவதென்றால் விலை குறைந்த போன்களைப் பாருங்கள், 50 எம்.பி. கேமரா என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அவற்றில் பெரும்பாலும் ஓ.ஐ.எஸ். இருக்காது. இங்கே அது இல்லாததுதான் நல்லது. ஆட்டோஃபோகஸுக்கும் நகரும் பாகம் உண்டு என்பதால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், குறைவு. அப்படியே கெட்டாலும் கெடுவது மேப் பார்க்கும் போனின் கேமரா.

இந்த போனில் கேமராவை மறந்துவிட்டுத் திரையின் வெளிச்சத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் பெரிய நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) எண் திரையின் ஒரு சின்னப் பகுதி சில நொடி எட்டும் உச்சம். நமக்கு வேண்டியது முழுத்திரைக்கும் வெயிலில் கிடைக்கும் வெளிச்சம். அது 1,000 நிட்ஸை ஒட்டி இருந்தால் பகலில் படிக்கலாம். போலரைஸ்டு கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே கடையில் போனை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பாருங்கள். சில திரைகள் ஒரு கோணத்தில் கறுத்துவிடும். அப்புறம் ஜி.பி.எஸ்.: எல்1, எல்5 என இரண்டு அலைவரிசையும் வாங்கும் போன், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சிக்னலில் அவ்வளவாக ஏமாறாது. கத்திப்பாராவில் பூந்தமல்லி போக வேண்டியவர் ஒரு வளைவைத் தவறவிட்டால் விமான நிலையப் பக்கம் போய்விடுவார், அதனால் இது முக்கியம். 2024 ஜூலையில் கூகுள் மேப்ஸ் 40 இந்திய நகரங்களில் மேம்பாலம் ஏறு, ஏறாதே என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை அறிவித்தது. போன் நாம் நிற்கும் இடத்தைச் சரியாகக் காட்டினால்தான் அதனாலும் பயன்.

ஹோல்டர் விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஜி.பி. ரோடு கடைகளில் எல்லா விலையிலும் கிடைக்கும். நான்கு பக்கமும் பிடிப்பதாக, அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் டேம்பர் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். வெயிலில் அந்த ரப்பர் இறுகிவிடும், அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். ஸ்கூட்டரில் ஹேண்டில்பார் மூடியிருப்பதால் கண்ணாடித் தண்டில்தான் மாட்டுவார்கள். அது எவ்வளவு ஆடுகிறது என்று அறிய ஒரு வழி உண்டு. போகும்போது சைடு கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி எந்த வேகத்தில் கலங்கலாகத் தெரிகிறதோ, அந்த வேகத்தில் தண்டில் மாட்டிய போனும் அதே ஆட்டம்தான் ஆடுகிறது.

வெயில். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பு 35 டிகிரி. கத்திரியில் சென்னை 40-ஐத் தாண்டும். வண்டி ஓடும்வரை காற்றுபடும். சிக்னலில் நின்றதும் அதுவும் போய்விடும், திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த பவுச்சுக்குள் போட்டால் சூடு இன்னும் கூடும். மே மாதத்தில் தடித்த பேக் கவரைக் கழற்றிவிடுங்கள், பகலில் வயர்லெஸ் சார்ஜ் வேண்டாம். நல்ல போனை ஸ்கூட்டர் டிக்கியில் போடுகிறவர்களே, அதன் அடியில்தான் எஞ்சின் இருக்கிறது.

மழைக்கு வருவோம். ஐபி68 என்று எழுதியிருந்தால் மழையில் மாட்டலாம் என்று நம்புகிறவர்கள் நிறைய. அந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் போனை முக்கி வைத்துப் பார்ப்பது. ஐப்பசி மழையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அடிக்கும் தண்ணீரும், வேளச்சேரியில் பஸ் வாரி இறைக்கும் தண்ணீரும் வேறு. பாய்ந்து வரும் தண்ணீருக்கு ஐபிஎக்ஸ்5, 6 என்று தனி மதிப்பீடே உண்டு. உள்ளே இருக்கும் ரப்பர் சீலும் நாளாக ஆகத் தளரும். போதாக்குறைக்கு, திரையில் விழும் துளியை விரல் என்று நினைத்து மேப் தானாக எங்கெங்கோ நகரும். மழை வந்தால் ஓரமாக நிறுத்தி, போனை ஜிப் கவரில் போட்டு, ரெயின்கோட்டுக்கு உள்ளே, சட்டைப் பக்கம் வையுங்கள். ரெயின்கோட்டின் வெளிப் பையில் தண்ணீர் தேங்கும். வழியை ஒரு காதில் மட்டும், குறைந்த சத்தத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரமான போர்ட்டில் சார்ஜர் செருகாதீர்கள். அரிசியிலும் புதைக்காதீர்கள், துகள் உள்ளே போய்ச் சேதமாகும் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. போர்ட் கீழே பார்க்கப் பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் விட்டாலே போதும்.

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டு போகிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. நழுவினால் கை தானாக அதைப் பிடிக்கத்தான் போகும், வண்டியை யார் பிடிப்பது? 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த விதியின்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டுமே, அதுவும் கவனம் சிதறாதபடிதான் பயன்படுத்தலாம். பேசுவதற்கு அனுமதி இல்லை.

டெலிவரி வேலை தரும் நிறுவனங்களிடம் ஒன்று கேட்கிறேன். பை தருகிறீர்கள், சட்டை தருகிறீர்கள். நல்ல டேம்பர் வைத்த ஹோல்டரையும் கொடுங்கள். மேப் பார்ப்பது உங்கள் வேலைக்காக, கெடுவது அவர்கள் சொந்த போன். அந்தத் தம்பி மாதிரி இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பழைய போனை மாட்டப் போகிறவர்கள் சென்னை மேப்பை முதலிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். சிம் இல்லாமலே வழி காட்டும், நெரிசல் விவரம் வேண்டுமென்றால் சட்டைக்குள் இருக்கும் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள். வங்கி, யூபிஐ ஆப்களை அதிலிருந்து எடுத்துவிடுங்கள், சிக்னலில் யாராவது பிடுங்கிக்கொண்டு போனாலும் பணத்துக்குப் பயமில்லை. இரண்டு போனிலும் *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, வீட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து போனை முடக்கலாம்.