உன் கோடிங்தான் தப்பு, தம்பி

நேற்று நம் எலக்ட்ரானிக்ஸ் குழுவில் நடந்த கூத்தைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் லிங்க் கேட்காதீர்கள். அந்தப் பதிவு இப்போது இல்லை, கேள்வி கேட்ட பையனே அழித்துவிட்டான். எனக்கு ஆறாமல் கிடப்பது அதுதான்.

அவன் கேட்டது இவ்வளவுதான்: தோப்புக்கு நடுவில் தொட்டி, வீட்டிலிருந்து நானூறு மீட்டர், இடையில் தென்னை. தொட்டி நிரம்பினால் வீட்டில் ஒரு விளக்கு எரிய வேண்டும். கையில் காசு அதிகமில்லை, எந்த ரேடியோ மாட்யூல் வாங்கலாம்? அதற்கு நம் 'அண்ணன்' அருளிய வாக்கு: "எண்பது ரூபாய்க்கு 433 ஜோடி கிடைக்கும், வாங்கு. எல்லா மாட்யூலும் ஒண்ணுதான். எடுக்கலைன்னா உன் கோடிங்தான் தப்பு." (433 ஜோடி என்றால் 433 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் மாட்யூல் ஒன்று, வாங்கும் மாட்யூல் ஒன்று.) அறுபது லைக். அந்தத் தூரத்துக்கு அது ஆகாது, 865 மெகாஹெர்ட்ஸ் லோரா (மெதுவாகப் பேசி வெகுதூரம் போகும் ரேடியோ) மாட்யூல் ஒரு ஜோடி வாங்கிக்கொள் என்று நான் கீழே எழுதினேன். எனக்குக் கிடைத்த பட்டம் 'லோரா ஏஜென்ட்'.

சரி, ஏஜென்ட் பேசுகிறேன், கேளுங்கள்.

அந்த எண்பது ரூபாய் ஜோடியை நான் மட்டம் தட்டவில்லை. சரி, தட்டுகிறேன்தான், ஆனால் காரணம் இருக்கிறது. அந்த ரிசீவர் சூப்பர்ரீஜெனரேட்டிவ் வகை. யாரும் எதுவும் அனுப்பாத நேரத்தில் அது சும்மா இருக்காது. காற்றில் உள்ள குப்பையையெல்லாம் பெருக்கி டேட்டா பின்னில் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பின்னில் ஒரு எல்இடியை மாட்டிப் பாருங்கள், டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கிப் பெட்டியில் போட்ட பிறகும் மினுக்கும். அந்தக் குப்பையிலிருந்து செய்தியைப் பொறுக்கி எடுப்பது லைப்ரரியின், அதாவது நாம் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தப் புரோகிராமின், தலையெழுத்து. மாட்யூலுக்கென்று முகவரி கிடையாது. போய்ச் சேர்ந்ததா என்ற பதிலும் கிடையாது, ஏனென்றால் அது ஒருவழிப் பாதை. அனுப்பும் பக்கம் கத்திவிட்டுத் தூங்கிவிடும், அவ்வளவுதான்.

காலிங் பெல்லுக்கு அது போதும். கதவு திறந்தால் பீப் அடிக்கவும் போதும். அங்கேயும் ரிசீவரை மட்டும் ஆர்எக்ஸ்பி6 மாதிரி, குப்பையை நன்றாக வடிகட்டும் சூப்பர்ஹெட் வகையாக மாற்றிவிட்டால் பாதித் தலைவலி போகும். இதையும் நேற்று எழுதினேன். அதை மட்டும் யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவில்லை.

விலை குறைந்ததை வாங்காதே என்று நான் எங்கும் சொல்லவில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்காத பொருளை, புதிதாகக் கற்கிறவன் கையில் திணிக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். அனுபவசாலிக்குப் பிரச்சினையில்லை. பத்து வருடமாக இதில் புரள்கிறவனுக்கு மாட்யூல் செத்ததா, வோல்டேஜ் இறங்கியதா, கோடிங் தப்பா என்று வாசனையிலேயே தெரியும். புதியவனுக்கு எல்லாமே ஒரே இருட்டு. அந்த இருட்டில் நின்றுகொண்டு 'உன் கோடிங்தான் தப்பு' என்று ஒரு குரல் கேட்டால் அவன் நம்பிவிடுவான்.

நான் நம்பினேன்.

2012, கடைசி வருட புராஜெக்ட். மண்ணின் ஈரத்தை அளந்து கம்பியில்லாமல் அனுப்புவது. ரேடியோ இதே 433 ஜோடிதான், சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. ஹாஸ்டல் அறையில் அருமையாக ஓடியது. பக்கத்து அறைக்கும் எடுத்தது. செயல்விளக்க நாளன்று கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம், ஒரு எண்கூட வரவில்லை. லேப்டாப்பில் எண்கள் ஓட வேண்டிய சீரியல் மானிட்டர் வெறிச்சென்று கிடக்கிறது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "புரோகிராம் ஒழுங்கா எழுதலையாப்பா?" என்றார். நான் தலையாட்டினேன். அன்றிரவு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஹாஸ்டலில் மறுபடி ஓடுகிறது! எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

காரணம் புரிய ஐந்து வருடம் ஆனது. அந்தக் கூடத்தில் எங்களோடு சேர்த்து ஏழு குழுக்களிடம் அதே மாட்யூல். எல்லாமே 433.92 மெகாஹெர்ட்ஸ். சேனல் மாற்ற வழியில்லை. ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் ஒரே குரலில் கத்தினோம், யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஏழு குழுவும் தலைகுனிந்து வெளியே வந்தோம், ஏழு பேரும் அவரவர் கோடிங்கைத் திட்டிக்கொண்டு. நான் கம்பெனித் தேர்வில் 'எம்பெடட்' (இந்த மாதிரி சிப்புக்குப் புரோகிராம் எழுதும் வேலை) என்ற இடத்தில் டிக் அடிக்கவே இல்லை. இன்றைக்கும் கணக்கு எழுதித்தான் பிழைக்கிறேன்.

இதற்கெல்லாம் ஒரு மாட்யூல் மேல் பழி போடுவாயா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கொஞ்சம் போடுகிறேன்.

அடுத்து, 'ஏழைப் பையனிடம் ஆயிரம் ரூபாய் மாட்யூலை விற்கப் பார்க்கிறாய்' என்ற குற்றச்சாட்டு. இதுதான் ரொம்பக் குத்தியது. பணம் இல்லாதவனுக்குத்தான் முதல் தடவையே ஓட வேண்டும் ஐயா. பணம் இருக்கிறவன் நான்கு வகை வாங்கிப் பார்த்து மூன்றைத் தூக்கிப் போடுவான். நான் அப்படித்தான் தூக்கிப் போட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் என் மாமாவின் தோப்பு, கிட்டத்தட்ட அந்தப் பையன் சொன்ன அதே கதை. 2017இல் 'உனக்கு நான் செய்து தருகிறேன் மாமா' என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும் என்ஆர்எஃப்24எல்01 மாட்யூல், ஜோடி இருநூறு ரூபாய்க்குள். நல்ல சிப், பொய் சொல்லக் கூடாது. முகவரி உண்டு, பதில் வரும், வராவிட்டால் தானாக மறுபடி அனுப்பும். 433 ஜோடியைப் பார்த்தவனுக்கு அது ராஜ வாழ்க்கை. ஆனால் எனக்கு வந்ததில் ஒன்று 250 கேபிபிஎஸ் வேகத்தை ஏற்கவே இல்லை. அந்த வேகம் உள்ள 'பிளஸ்' வகை என்று விற்றது பழைய வகை அல்லது குளோன். நான் என்ன செய்தேன்? இரண்டு வாரம் கோடிங்கைத் திருத்தினேன். பழகிய புத்தி.

அப்புறம் ஆன்டெனா வைத்த பெரிய வகை. அது அனுப்பும்போது நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆர்டுயினோ நானோ போர்டின் 3.3 வோல்ட் பின் அதற்குச் சோறு போடாது. தனி ரெகுலேட்டர், மாட்யூலின் காலடியிலேயே பத்து மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இதெல்லாம் வைத்த பிறகு மொட்டைமாடியில் ஜம்மென்று எடுத்தது. தோப்பில் நாலாவது வரிசை மரத்தைத் தாண்டவில்லை. மழை பெய்த மறுநாள் இரண்டாவது வரிசையோடு சரி. 2.4 கிகாஹெர்ட்ஸை ஈர இலை குடித்துவிடும். எத்தனை பலமாக வருகிறது என்று அந்தச் சிப்பிடம் கேட்டால் ஒரே ஒரு பிட்டில் பதில் சொல்லும்: மைனஸ் 64 டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாக ஆகப் பலம் குறைவு) மேலே, அல்லது கீழே. மேலே இருந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

ஐந்து ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். ஐந்தாவது வாரம் மாமா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "விடு மாப்ள, நான் ஒரு நடை போய் எட்டிப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் போகிறார், நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் லோரா. எஸ்எக்ஸ்1276 சிப் வைத்த 868 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் இரண்டு, ஆயிரத்துச் சொச்சம். அது எடுத்தது என்பது என் பேச்சே இல்லை. எடுக்காதபோது ஏன் எடுக்கவில்லை என்று அது சொன்னது. வந்து சேரும் ஒவ்வொரு பாக்கெட்டோடும் பலம் எவ்வளவு, இரைச்சலைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே என்று இரண்டு எண் தரும். ஒன்றைப் பேட்டரியோடு கையில் எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தேன். வாசலில் மைனஸ் 70. பம்பு ரூம் தாண்டி மைனஸ் 100. தொட்டிக்குப் பின்னால் மைனஸ் 118, இரைச்சலுக்கும் கீழே போய்விட்டது, இருந்தும் செய்தி வருகிறது. வீட்டுப் பக்கத்து ஆன்டெனாவை இருபதடி பிவிசி பைப்பில் கட்டித் தூக்கி நிறுத்தினோம், கண்ணெதிரில் பன்னிரண்டு டிபி ஏறியது. மாமாவே, "இன்னும் கொஞ்சம் தூக்கினா இன்னும் ஏறுமா?" என்று கேட்டார். எண்ணைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி அது. அந்த எண்பது ரூபாய் ஜோடியிடம் அவரால் எதைப் பார்த்துக் கேட்டிருக்க முடியும்?

தூக்கிப் போட்ட வகைகளுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவில் லோரா இரண்டு ஜோடி வந்திருக்கும். ஏழைப் பையனுக்கு எது மலிவு என்று இப்போது சொல்லுங்கள், அண்ணா.

'லோரா என்றால் பத்து கிலோமீட்டர் என்று வீடியோவில் காட்டுகிறார்கள், அது பொய்தானே' என்று ஒருவர். மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்கு அடித்தால் பொய்யில்லை. நீங்கள் மலையுச்சியில் தொட்டி கட்டியிருக்கிறீர்களா? அவனுக்கு வேண்டியது நானூறு மீட்டர். ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (செய்தியை எவ்வளவு மெதுவாக இழுத்து அனுப்புவது என்ற லோரா அமைப்பு) 12இல் வைத்தால் இருபது பைட் அனுப்ப ஒரு வினாடிக்கு மேல் பிடிக்கும், பேட்டரியையும் தின்னும். 7இல் அறுபது மில்லிவினாடிக்குள் முடியும். ஒன்பதில் ஆரம்பித்து, வரும் பலத்தைப் பார்த்துக் கீழே இறக்கு என்றுதான் நான் சொல்வேன்.

'ஈஎஸ்பி-நவ் இருக்கும்போது தனி ரேடியோ எதற்கு?' ஈஎஸ்பி சிப்புகள் தங்கள் வைஃபை ரேடியோவிலேயே நேராகப் பேசிக்கொள்ளும் முறை அது. இது நியாயமான கேள்வி. வீட்டுக்குள் நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். தோப்புக்கு மட்டும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ், அதே ஈர இலை. மேலே எழுதிவிட்டேன்.

'ஹெச்சி-12 போடலாமே, அதுவும் 433தான், நன்றாகப் போகுமே' என்றும் ஒருவர் கேட்டார். போகும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது அனுப்பும் பலம் நூறு மில்லிவாட். நம் நாட்டில் 433இல் லைசென்ஸ் இல்லாமல் பத்து மில்லிவாட்தான். 865 முதல் 867 வரை 2005இலிருந்தே நமக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஒரு வாட் வரைக்கும். 2021இல் அதை 868 வரை நீட்டினார்கள். 'யார் வந்து பார்க்கப் போறான்' என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஹெல்மெட்டுக்கும் இதையேதான் சொல்வார் போல.

ஏஜென்ட் என்று பெயர் வாங்கியாயிற்று, தொழிலையும் செய்துவிடுகிறேன். லோரா என்று தேடினால் முதலில் வருவது ஆர்ஏ-02. விலையும் குறைவு. அதில் இருப்பது எஸ்எக்ஸ்1278, அது 433 பக்கத்துக்கானது. 865க்கு வேண்டியது ஆர்ஏ-01ஹெச் அல்லது ஆர்எஃப்எம்95இன் 868 வகை. அமெரிக்காவுக்கான 915 ஆன்டெனாவைச் சேர்த்து அனுப்புவார்கள், கவனம். ஆன்டெனா இல்லாவிட்டால் எட்டரை சென்டிமீட்டர் செம்புக் கம்பி ஒன்று சால்டர் செய்தால் போதும், ஆனால் கம்பியே இல்லாமல் ஆன் பண்ணிவிடாதே. 3.3 வோல்ட்தான், அஞ்சு வோல்ட் நானோவின் பின்னை நேராகக் கொடுத்தால் முடிந்தது கதை. இரண்டு மாட்யூலையும் முதலில் மேசைமேல், எதையும் மாற்றாத உதாரணப் புரோகிராமில் பேச வை. அங்கே பேசாவிட்டால் பொருள் அல்லது வயரிங். அங்கே பேசித் தோப்பில் பேசாவிட்டால் தூரம் அல்லது உயரம். இரண்டிலும் பேசி விளக்கு மட்டும் எரியாவிட்டால் அப்போது வேண்டுமானால் உன் கோடிங்.

எந்தக் கடையும் எனக்குக் கமிஷன் தருவதில்லை. தந்தால் வாங்கிக்கொள்வேன், அது வேறு.

அண்ணனுக்குத் தெரியாமல் இல்லை, அவருக்கு என்னைவிட நிறையவே தெரியும். அவர் போட்ட சர்க்யூட்டைப் பார்த்துத்தான் நான் கெப்பாசிட்டரை எங்கே வைப்பதென்று கற்றேன். அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. தெரியாதவர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தெரிந்தவர் ஒரு வரியில் 'உன் தப்பு' என்று முடித்துவிட்டால், அதற்குக் கீழே அறுபது பேர் கைதட்டினால், அந்தப் பையன் வேறென்ன செய்வான்? பதிவை அழித்துவிட்டுப் போவான். போய்விட்டான். இனி எங்கும் எதுவும் கேட்கமாட்டான், அது எனக்குத் தெரியும்.

கமெண்டில் ஏற்கெனவே ஒருவர் 'உணர்ச்சிவசப்படாதீங்க ப்ரோ, ஒரு மாட்யூல்தானே' என்று போட்டுவிட்டார். பதிவைப் படிக்காமலே போட்டிருக்கிறார், நேரத்தைப் பார்த்தால் தெரிகிறது. வாழ்க.

தம்பி, நீ இதைப் படிப்பாயா தெரியாது. படித்தால் இன்பாக்ஸுக்கு வா. மாமாவின் தோப்புக்கு உதிரியாக வாங்கிவைத்த 868 ஜோடி ஒன்று என் மேசை டிராயரில் சும்மா கிடக்கிறது. கம்பி சால்டர் செய்து, மேசையில் பேசவைத்துப் பார்த்துவிட்டே அனுப்புகிறேன், கூரியர் என் செலவு. எண்பது ரூபாய் ஜோடிதான் வேண்டுமென்றால் அதுவும் ஆறு இருக்கிறது, எடுத்துக்கொள்.