‘மூன் ரிவர்’ ஆண்டி வில்லியம்ஸின் நம்பர் ஒன் சிங்கிளா? இல்லை

‘மூன் ரிவர்’ பாட்டை முதலில் பாடியவர் அமெரிக்கப் பாடகர் ஆண்டி வில்லியம்ஸ், அது சிங்கிளாக (தனிப் பாட்டு இசைத்தட்டாக) வந்து முதலிடம் பிடித்தது என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே தப்பு. 1961-ல் வந்த ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்’ படத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கிட்டாரை மீட்டியபடி, சன்னமான குரலில் அதைப் பாடியவர் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன். அவர் குரலுக்கு எட்டும் அளவில்தான் ஹென்றி மான்சினி மெட்டே போட்டார். அந்த வருடக் கடைசியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது தென்னாப்பிரிக்காவில் பிறந்த டேனி வில்லியம்ஸ் பாடிய இசைத்தட்டு. பெயர்க் குழப்பமாக இருக்கலாம். சரி, ஆண்டி? 1962 ஆஸ்கர் மேடையில் பாடினார், அப்புறம் அதே வருடம் சினிமாப் பாடல்களை வைத்து அவர் வெளியிட்ட ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசையில் 3-ம் இடம் வரை போனது. சிங்கிளாக வராத அந்தப் பாட்டுக்காக ஜனங்கள் முழு இசைத்தட்டையே வாங்கினார்கள், எனக்கு அதுதான் பெரிய வெற்றியாகத் தெரிகிறது.