ஜன்னலை இழுத்ததுக்கா இந்தத் தண்டனை?

வைகை அணை நீர்மட்டத்தை, பைத்தான் நிரலில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப்பில் (Matplotlib) வரைந்தேன். விண்டோவைத் திரை முழுக்க விரித்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. அப்படியே சேவ் பட்டனை அமுக்கி, பென் டிரைவோடு டவுன்ஹால் ரோட்டுக்குப் பிரிண்ட் எடுக்கப் போனேன். தாளில் 'முழுமட்டம் 71 அடி' என்ற எழுத்து எறும்பு மாதிரி ஊர்கிறது! "தம்பி, லென்ஸ் வச்சுத்தான் படிக்கணும்" என்கிறார் கடைக்கார அண்ணன்.

விண்டோ விரிந்தால் படமும் விரிகிறது. எழுத்து மட்டும் அதே 10 பாயிண்ட். தாளுக்குள் சுருக்கும்போது அதுவும் சேர்ந்து சுருங்குகிறது. தொடாமல் விட்டிருந்தால் 6.4க்கு 4.8 அங்குலத்தில் ஒழுங்காக வந்திருக்கும். சரி, படத்தின் அளவை நிரலிலேயே சொல்லி சேவ் பண்ணாதது என் தப்புதான். அதற்காக இந்தச் சித்திரை வெயிலில் மறுபடி ஒரு நடையா?