75 ரூபாய்க் கணக்கு

ஒடிசாவின் மலைக்கிராமம் ஒன்றில் பணிபுரியும், ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பெண் ஊழியர், காய்ச்சல் கண்ட ஒருவரின் விரலைக் குத்தி மலேரியாவுக்குச் சோதித்தால் 15 ரூபாய். தொற்று உறுதியாகி, மருந்து முழுவதையும் அவரை உட்கொள்ள வைத்துவிட்டால் 75 ரூபாய். தேசிய மலேரியாத் திட்டத்தில் பல ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்டு வந்த ஊக்கத்தொகைக் கணக்கு இது. இதை முதன்முதலில் படித்தபோது, தொகையின் சிறுமையைவிட அந்தக் கணக்கின் போக்குதான் என்னை உறுத்தியது. ஊரில் மலேரியா குறையக் குறைய அவருக்கு வரும் பணமும் குறையும். வேலையை அரைகுறையாகச் செய்தால் அடுத்த மழைக்காலத்திலும் 75 ரூபாய்கள் காத்திருக்கும்; ஒழுங்காகச் செய்து முடித்தால் கை காய்ந்துவிடும். நோயை ஒழிப்பதற்கென்று நியமித்த ஒருவரின் அடுப்பை, அந்த நோய் எரியும்வரைதான் எரிய விடுவோம் என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டின் கடலோர வட்டாரங்களில் ஆய்வக நுட்புநராக 28 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன். நான் மலேரியாவை அறிந்ததெல்லாம் மைக்ராஸ்கோப்பின் வழியாகத்தான். ரத்தம் தடவிய ஒரு ஸ்லைடில் குறைந்தது 100 பார்வைப் புலங்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிறகே கிருமி இல்லை என்று எழுத வேண்டும் என்பது எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட விதி. எங்காவது ஒரு சிவப்பணுவுக்குள், கல் பதித்த மோதிரத்தைப் போல ஊதா நிறத்தில் ஒரு சிறு வளையம் தென்படும்போது, உண்மையைச் சொன்னால், அலுப்பு கலைந்து ஒரு மகிழ்ச்சி ஏற்படும்; யாரோ ஒருவரின் நோயைக் கண்டு மகிழ்கிறோமே என்ற கூச்சம் அதற்குப் பிறகுதான் வரும்.

அப்படி நான் கண்டுபிடித்த வளையங்களில் எத்தனை வீணாயின என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், வண்டி இல்லை என்ற காரணத்தால், துணை சுகாதார நிலையங்களில் எடுத்த ஸ்லைடுகள் இரண்டு மூன்று வாரங்கள் தேங்கிக் கட்டுக் கட்டாக வந்து சேர்ந்த காலம் உண்டு. ஒருமுறை அதில் ஒரு மீனவ இளைஞரின் ஸ்லைடில் கிருமியைக் கண்டு, சுகாதார ஆய்வாளருடன் அவருடைய வீட்டுக்கே போனேன். 'அவன் கேரளாப் பக்கம் தொழிலுக்குப் போய் பத்து நாளாச்சு தம்பி' என்றார் அவருடைய தாயார். என் அறிக்கையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதனால் ஒருவருக்கும் பயன் இல்லை. அந்த இளைஞர் எத்தனை ஊர்க் கொசுக்களுக்குக் கிருமியைக் கொடுத்திருப்பார் என்று அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன்.

இந்த இடைவெளியைத்தான் ஆஷா ஊழியர்கள் அடைத்தார்கள். தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-இல் உருவாக்கிய இந்தப் பணியில், அந்தந்த ஊரில் வாழும் பெண்ணே அந்த ஊருக்கு ஆஷாவாகிறார். மலேரியா மிகுந்த மாநிலங்களில் அவர் கையில் விரைவுப் பரிசோதனைக் கிட்டும் மருந்துப் பட்டைகளும் கொடுக்கப்பட்டன. மோதிர விரலைப் பஞ்சால் துடைத்து, ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தத்தைப் பட்டையின் குழியில் வைத்து, அடுத்த குழியில் கரைசலைச் சொட்டுவிட்டு, கால் மணி முதல் இருபது நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் மலேரியா இல்லை. கூடுதல் கோடு வந்தால் உண்டு. கோடே வராவிட்டால் கிட் பழுது. எழுத்தறிவு அதிகம் இல்லாதவரும் தவறிழைக்காமல் இருப்பதற்காக, மலேரியாவின் கடுமையான வகையான பால்சிபரத்துக்கான கூட்டு மருந்து வயதுக்கேற்ற நிறப் பட்டைகளில் வந்தது: கைக்குழந்தைக்கு இளஞ்சிவப்பு, அதற்கு மேல் மஞ்சள், பச்சை, சிவப்பு, பெரியவர்களுக்கு வெள்ளை. மூன்று வாரம் கழித்து என் மேசைக்கு வந்த விடை, இப்போது நோயாளியின் திண்ணையிலேயே இருபது நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது.

பரிசோதனையும் முதல் மாத்திரையும் எளிதான பகுதி என்றுதான் நான் சொல்வேன். வைவாக்ஸ் வகை மலேரியாவில் கிருமியின் ஒரு பகுதி கல்லீரலுக்குள் போய் உறங்கிக்கொள்கிறது. வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து வந்து அதே ஆளை மீண்டும் காய்ச்சலில் தள்ளும். அதை அழிக்க பிரைமாகுயின் மாத்திரையை 14 நாட்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும். காய்ச்சலோ, ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும் குளோரோகுயின் கொடுத்த இரண்டு மூன்று நாட்களிலேயே விட்டுவிடும். நான்காம் நாள் வயலுக்கும் காட்டுக்கும் புறப்பட்டுவிட்ட ஒருவரை வழிமறித்து, உடம்பு நன்றாக இருக்கும்போதே மாத்திரை போடச் சொல்ல யாரால் முடியும்? வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஜீப்பில் வரும் அதிகாரியால் முடியாது. நோயாளியின் வீட்டு அரிசி எப்போது உலையில் ஏறும், அவர் எந்தப் பாதையில் திரும்புவார், யார் சொன்னால் கேட்பார் என்பதெல்லாம் தெரிந்த பக்கத்துத் தெருப் பெண்ணால்தான் முடியும். சிறுநீர் கருத்துப் போனால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், கர்ப்பிணிக்கு இந்த மாத்திரை கூடாது என்பவற்றையும் அவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஊரில் யார் கர்ப்பம் என்பது கணவனுக்கு அடுத்தபடியாக ஆஷாவுக்குத்தான் தெரியும் என்று எங்கள் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார்.

ஒடிசா அரசு 2017-இல் தொடங்கிய 'தமன்' திட்டம் இதையும் தாண்டி ஒரு படி சென்றது. 'துர்கம அஞ்சலரே மலேரியா நிராகரண்', அதாவது எளிதில் எட்ட முடியாத பகுதிகளில் மலேரியாவை நீக்குதல் என்பதன் சுருக்கம் அது. 'தமன்' என்ற சொல்லுக்கே அடக்குதல் என்ற பொருளும் உண்டு. கோராபுட், மல்கான்கிரி, ராயகடா, கந்தமால் போன்ற மாவட்டங்களின் மலைக்குடியிருப்புகளில் முகாமிட்டு, காய்ச்சல் இருப்பவர் இல்லாதவர் என்ற பேதமின்றி அனைவரையும் சோதித்தார்கள். மலேரியா நெடுங்காலம் வேரூன்றிய ஊர்களில் பலர் எந்த அறிகுறியுமின்றிக் கிருமியைச் சுமந்து திரிவார்கள் என்பதே இதற்குக் காரணம். நோயே இல்லாதவரிடம் போய் 'உன் விரலைக் கொடு, குத்த வேண்டும்' என்று கேட்பது எவ்வளவு கடினம் என்பதை, அப்படி ஒரு முறையாவது கேட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தப் பேச்சுவார்த்தை முழுவதையும் ஆஷாக்கள் நடத்தினார்கள். அதே காலத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருந்தூட்டிய கொசுவலைகளும் மாநிலத்தில் வழங்கப்பட்டன; அவற்றைச் சேலை உலர்த்தவும் கோழியை மூடவும் பயன்படுத்தாமல் இரவில் அதற்குள் படுக்க வைத்ததும் அவர்கள் பொறுப்புதான். 2016-இல் சுமார் 4.45 லட்சமாக இருந்த ஒடிசாவின் மலேரியா நோயாளிகள் எண்ணிக்கை 2019-இல் 40,000-க்குக் கீழே வந்தது. கொசுவலைக்கும் மருந்துக்கும் முகாமுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை; ஆனால் இவை மூன்றும் ஒரு குடிசையின் வாசலைக் கடந்து உள்ளே போனது யாருடைய கையால் என்பதுதான் என் கேள்வி.

இந்த வெற்றியைக் கண்டு எனக்கு அச்சமும் உண்டு. காரணம், இந்த நாடகத்தின் முதல் காட்சியை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டோம். விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகவும் 8 லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958-இல் ஒழிப்புத் திட்டமும் வந்தன. இரு வாரங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கு வீடு போய்க் காய்ச்சல் கேட்கும் கண்காணிப்புப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். எங்கள் வீட்டு வாசற்சுவரில் ஸ்டென்சில் வைத்துப் பதித்த கட்டமும், அதற்குள் தேதியும் கையொப்பமும் இட்டிருந்ததும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது; பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுகூட அந்த இடத்தை மட்டும் என் பாட்டி விட்டுவிடச் சொல்வார், 'மலேரியாக்காரர் வந்தால் கேட்பார்' என்று. 1965-இல் நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் நோயாளிகள்தான். இறப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பிறகு என்ன ஆயிற்று? நோய் குறைந்த பகுதிகள் 'பராமரிப்புக் கட்ட'த்துக்கு மாற்றப்பட்டு, கண்காணிப்பு, அதற்குத் தயாராக இல்லாத பொதுச் சுகாதார அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கொசுக்கொல்லியான டி.டி.டி.யின் தட்டுப்பாடும், அதைத் தாங்கப் பழகிவிட்ட கொசுக்களும் சேர்ந்துகொண்டன. 1976-இல் நோயாளிகள் 64 லட்சத்துக்கும் மேல்.

இலங்கையில் இதே கதை இன்னும் கூர்மையாக நடந்தது. 1963-இல் நாடு முழுவதும் 17 பேர். 1969-இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆனால் அவர்கள் இரண்டாம் முறை பாடத்தை மறக்கவில்லை. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்நாட்டுத் தொற்று இல்லாத நிலையை எட்டி, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்ற பின்பும் மலேரியாவுக்கான தனி இயக்கத்தைக் கலைத்துவிடவில்லை. 2018-இன் இறுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் மூலம் உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியபோது, அது அந்த அளவிலேயே நின்றது என்றால், ஒன்றுமே நடக்காத ஆண்டுகளில் வீணாகச் சம்பளம் வாங்குவதாகத் தோன்றிய ஆட்கள் களத்தில் இருந்ததால்தான்.

ஒடிசாவுக்குத் திரும்புகிறேன். 2022-இல் ஏறத்தாழ 24,000 வரை இறங்கிய எண்ணிக்கை, 2023-இல் 40,000-ஐத் தாண்டிவிட்டது. மழை, இடப்பெயர்வு, கூடுதலான பரிசோதனை என்று பல காரணங்களைச் சொல்லலாம். எல்லாப் பழியையும் 75 ரூபாய்க் கணக்கின் மேல் போட நான் வரவில்லை. 2027-க்குள் உள்நாட்டுத் தொற்றே இல்லாத நிலை, 2030-க்குள் ஒழிப்பு என்று இலக்கு வைத்திருக்கும் நாடு, கடைசி ஆயிரம் நோயாளிகளைத் தேடும் வேலை முதல் லட்சம் பேரைத் தேடியதைவிடக் கடினமானது என்பதை ஊதியத்தில் காட்ட வேண்டாமா என்றுதான் கேட்கிறேன். ஆயிரம் பேரைச் சோதித்து ஒருவரைக் கண்டுபிடிக்கும் காலத்தில், மீதி 999 சோதனைகள்தான் உண்மையான உழைப்பு.

பாராட்டுக்குக் குறைவில்லை. ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்து ஆஷா மாடில்டா குல்லு 2021-இல் ஃபோர்ப்ஸ் இந்தியாவின் பெண் ஆளுமைகள் பட்டியலில் இடம்பெற்றார். அவருடைய மாத வருமானம் அப்போது 4,500 ரூபாய் என்று செய்திகளில் படித்தோம். 2022-இல் இந்தியாவின் பத்து லட்சம் ஆஷாக்களுக்கும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில், சுகாதாரத்தில் முன்மாதிரி என்று நாம் போற்றும் கேரளத்திலேயே, தலைமைச் செயலகத்தின் முன் ஆஷாக்கள் மாதம் 21,000 ரூபாய் கேட்டு அமர்ந்தார்கள். தன்னார்வலர் என்ற சொல் அரசுக்கு மிகவும் வசதியானது. பணியாளர் என்று சொன்னால் சம்பளமும் விடுப்பும் ஓய்வூதியமும் கூடவே வந்துவிடும். நான் ஓய்வூதியத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்ற உறுத்தலோடுதான் சொல்கிறேன்: எனக்குச் சம்பளம், கண்டுபிடித்த கிருமியின் எண்ணிக்கைப்படி வரவில்லை. கிருமியே இல்லாத மாதங்களிலும் வந்தது.

தமிழ்நாட்டில் இன்று மலேரியா ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான். அதனால் இது நம் பிரச்சினை அன்று என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்த கடைசி ஆண்டில், கட்டட வேலைக்கு வந்திருந்த ஒடியா இளைஞர் ஒருவரைக் காய்ச்சலோடு அழைத்து வந்தார்கள். நான் ஊசியை எடுப்பதற்குள்ளேயே அவர் இடக்கையின் மோதிர விரலைத் தனியே பிரித்து நீட்டினார். எப்படித் தெரியும் என்று சைகையில் கேட்டேன். 'ஆஷா தீதி', அதாவது ஆஷா அக்கா, என்றார், சற்றே வெட்கத்துடன். பிறகு எதையோ உறுதிப்படுத்திக்கொள்வதைப் போல, பத்து விரல்களையும் விரித்துக் காட்டி, மடக்கி, மீண்டும் நான்கை மட்டும் விரித்துக் காட்டினார். பதினான்கு. அவருடைய ஸ்லைடில் வைவாக்ஸ் இருந்தது. அந்தப் பதினான்கு நாட்களும் எங்கள் சுகாதார ஆய்வாளர், கட்டடத்தின் மூன்றாம் தளத்துக்குப் படியேறிப் போய் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தார்.