பையன் குரல் உடைந்தால் மகரக்கட்டு. பெண்களான எங்கள் குரல் இறங்கினால்?

போன மார்கழியில் ஒரு கச்சேரி. மேடையேறுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மிருதங்கக்காரரிடம், "அண்ணா, இன்னிக்கு அஞ்சு கட்டை வச்சுக்கலாமா?" என்று கேட்டேன். இருபது வருஷமாக ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடுகிறவள் நான்; அஞ்சு என்றால் அதற்கு அரைக் கட்டை கீழே. அவர் ஒன்றும் கேட்காமல் கல்லை எடுத்துத் தட்டி இறக்கிக் கொடுத்தார். வயலின் வாசிக்கிற பெண் மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். ஜலதோஷம் என்று சமாளித்தேன்.

ஜலதோஷமெல்லாம் இல்லை. வயது 48. மாதவிலக்கு நின்று 14 மாதம் ஆகியிருந்தது.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். அந்த மாதிரிக் குழுக்களில் பையனுக்குக் குரல் உடைந்தால் அதற்கு 'மகரக்கட்டு' என்று நாடகக்காரர்களிடம் ஒரு பேர் இருந்தது. ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், போய்விடும், வருத்தம்தான். ஆனால் பையன் ஒழுங்காகப் பாடவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயசு, அவ்வளவுதான். எங்களுக்கு மட்டும் நாற்பதுகளில் குரல் மாறினால் பேரே கிடையாது. "சாதகம் விட்டுப்போச்சு போல" என்பார்கள், பாட்டுப் பயிற்சி செய்வதில்லை என்று.

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது குரல்நாண் வறளும், தடிக்கும்; சுருதி இறங்கும், மேல் ஸ்தாயி சுருங்கும். தொண்டை டாக்டர் எனக்கு ஆறு மாதம் அசிடிட்டி மாத்திரை கொடுத்தார். மாதவிலக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது என் தப்பு.

நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிடுகிறது. மத்தியான இலவசக் கச்சேரிகளில் பாடிப் பாடி, பேர் வாங்கினவர்களுக்குக் கிடைக்கிற சாயங்கால ஸ்லாட் கைக்கு வருகிற வயதும் ஏறக்குறைய அதுதான்!

அந்த மார்கழிக் கச்சேரியில், ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுகிற நிரவலின்போது, கழுத்திலிருந்து சூடு நெருப்பு மாதிரி ஏறியது. மேலே ஃபோகஸ் லைட், உடம்பில் ஒன்பது கஜம் பட்டு. வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிய, கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கச்சேரி முடிந்து ஒரு மாமி வந்து, "உருகி அழுதுட்டியேம்மா நீ, பாட்டுல என்ன உணர்ச்சி!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

கச்சேரி நடத்துகிற சபாக்காரர்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மேடையோரம் சத்தமில்லாத ஒரு ஃபேன். மேக்கப் அறையை ஒட்டித் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை. தூக்கமில்லாத ராத்திரிகளுக்கு அப்புறம் மூன்றாவது சரணம் மறந்துபோகிறது. நோட்டைப் பார்த்தால் முகம் சுளிக்க வேண்டாம். ஃபேனைப் பற்றி ஓரிடத்தில் கேட்டேன். "மைக்ல காத்து இரையும் மேடம்" என்றார்கள். முதல் வரிசையில் அவர்களுக்கு மட்டும் ஏசி.

இதுவாவது சபா. கோவில் திருவிழாவில் ராத்திரி பத்து மணிக்கு மேடையேறி விடியவிடிய வள்ளியாக நிற்கிற, ஒவ்வொரு ராத்திரிக்கும் தனியாகப் பேசி நடிக்கிற ஸ்பெஷல் நாடகக்காரிக்கு ஒதுங்க இடமே கிடையாது. ஒரு நாள் போகாவிட்டால் சம்பளமும் கிடையாது. லீவு கேட்க ஆஃபீஸா இருக்கிறது?

இந்த வருஷத்துக்குத் தேதி கொடுத்தாயிற்று. மிருதங்க அண்ணாவுக்குப் போன் செய்து, "நாலரைக்கு மிருதங்கம் எடுத்துட்டு வாங்க" என்றேன். இந்தத் தடவை காரணத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எங்க வீட்டுலயும் பாடிட்டிருந்தவங்கதாம்மா. இந்த வயசுலதான் நிறுத்தினாங்க. நான் ஏன்னு கேட்டதே இல்ல" என்றார்.