ஏற்காட்டு ஆராய்ச்சி நிலையத்தின் கதையை யாராவது எழுதுங்கள்

ஏற்காடு என்றால் ஏரி, படகு, கோடை விழா மலர்க் கண்காட்சி. சேலத்துக்காரர்களான நமக்கே அவ்வளவுதான் நினைவுக்கு வருகிறது. மலைமேல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தெரிந்தவர்கள்கூட அதை நாற்று வாங்கும் இடமாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. அந்த நிலையத்தின் வரலாற்றை, அங்கே உரம் போட்டுப் பார்த்த பாத்திகளின் கணக்கோடு சேர்த்து, சாதாரண ஆட்கள் படிக்கிற மாதிரி யாராவது எழுத வேண்டும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டார். பின்னால் வந்த துரைமார்களும் கையில் கிடைத்ததையெல்லாம் நட்டுப் பார்த்தார்கள். பிழைத்தது நின்றது, மற்றது போனது. அதற்கெல்லாம் முன்பே இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் இதே சரிவுகளில் சாமையும் தினையும் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். வரலாறு எழுதுபவர் காக்பர்னிலிருந்து தொடங்கினால் அது பாதி வரலாறுதான்.

நான் முக்கியமாக நினைப்பது மண்ணை. நம் மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக அனுப்பியது எல்லோருக்கும் தெரியும். மண்ணில் இருக்கும் அதே அலுமினியமும் இரும்பும்தான் தோட்டக்காரர்களுக்குத் தொல்லை. புளிப்பு (அமில) மண்ணில் சூப்பர் பாஸ்பேட் உரத்தைப் போட்டால், அதிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸை) இவை இரண்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரும்பகுதி அந்த வருடம் செடிக்குப் போய்ச் சேராது. காசு கொடுத்து வாங்கிய உரம் வேருக்குப் பக்கத்திலேயே கிடக்கும், செடி குன்றிப்போய் நிற்கும். சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டு முதலில் புளிப்பைக் குறைக்க வேண்டும். பாறையைப் பொடித்த உரமான ராக் பாஸ்பேட் என்றால் புளிப்பு மண்ணிலேயே மெல்லக் கரைந்து பலன் கொடுக்கும். சரி, எவ்வளவு போடுவது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை போடுவது? இதைச் சமவெளியில் உட்கார்ந்து சொல்ல முடியாது. இந்த மண்ணில், இந்த மழையில், பல வருடம் போட்டுப் பார்த்து எழுதி வைத்தால்தான் தெரியும்.

அப்படி எழுதி வைத்ததால் என்ன கிடைத்தது என்பதற்கு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையம் சாட்சி. எலும்பை அமிலத்தில் கரைத்து சூப்பர் பாஸ்பேட் செய்ய 1842-இல் காப்புரிமை வாங்கிய லாஸ் என்ற நிலக்கிழார், மறு வருடமே ராதம்ஸ்டெட்டில் இருந்த தன் நிலத்தில் கோதுமைப் பரிசோதனையைத் தொடங்கினார். உரமே போடாத ஒரு பாத்தியும் அதில் உண்டு. இன்றைக்கும் அது தொடர்கிறது. அங்கே மலையாகக் குவிந்த கணக்குகளைப் பிரித்துப் பார்க்க 1919-இல் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் வந்தார். நம் வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் வயலைப் பிரித்துப் பரிசோதனை போடும் முறைக்கு அவர்தான் அடித்தளம் போட்டார். கோயம்புத்தூரிலும் 1909-இல் நிரந்தர உரப் பரிசோதனை வயலைத் தொடங்கினார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

நம் நிலையத்துக்கே வருவோம். ஒய்சிடி 1 என்ற பீன்ஸ் ரகத்தின் பெயரில் இருக்கும் ஒய்சிடி என்பது ஏற்காடுதான். விதை வாங்குகிறவர்களுக்கே இது தெரிவதில்லை.

மலைக்குக் கீழே ஏத்தாப்பூரைப் பாருங்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி பரவி ஜவ்வரிசித் தொழிலே பயந்து நின்றபோது, ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்த, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்தான் வயலில் விட்டார்கள். நிலையம் ஏற்கெனவே இருந்தது, மரவள்ளியை அறிந்த ஆட்கள் இருந்தார்கள், அதனால் முடிந்தது. ஆபத்து வந்த பிறகு அவசரமாகக் கட்டி எழுப்புகிற காரியமில்லை இது.

எழுதுபவர் விஞ்ஞானிகளின் பெயர்களோடு நிறுத்திவிட வேண்டாம். பதியன் போட்டவர்கள், ஒட்டுக் கட்டியவர்கள், மழைமானியை தினமும் பார்த்துக் குறித்தவர்கள் எல்லோரும் அதில் வர வேண்டும். அப்புறம், நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்திப் பக்கம் பழைய தோட்டக் கணக்கு நோட்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வருடம் எந்த உரம் போட்டார்கள், எவ்வளவு காய் பறித்தார்கள் என்று தாத்தா எழுதி வைத்திருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்து வையுங்கள், என்னிடம் சொல்லுங்கள். நானே வந்து பார்க்கிறேன்.