தூத்துக்குடியைப் பற்றி ஒஸ்லோவில் எழுதிய பக்கங்கள்

மகளின் மகனுக்குப் பதினொரு வயது. போன ஞாயிற்றுக்கிழமை என் கைத்தொலைபேசியைப் பறித்து, நோர்வேயின் எண்ணெய் நிதியத்தின் இணையத்தளத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டான். பாடசாலையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். அதன் முகப்பில் ஓர் எண் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். நிதியத்தின் பெறுமதி, குரோனரில். கடைசி இலக்கங்கள் கண்ணுக்கே பிடிபடாது. 20 இலட்சம் கோடியைத் தாண்டிவிட்டது.

"அம்மப்பா, இதில் என்னுடைய பங்கு எவ்வளவு?" என்றான்.

நாட்டின் சனத்தொகை 56 இலட்சம். பிரித்துக் காட்டினேன். ஆளுக்கு 35 இலட்சம் குரோனருக்கு மேல் வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதில் பாதியை இப்போதே தரச் சொல்லுங்கள்" என்றான்.

இதே கோரிக்கையை நான் முதன்முதலில் கேட்டது 1996இல், வடக்கே ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில். அந்த வருடம்தான் நிதியத்துக்குள் முதற்பணம் போனது, சுமார் 200 கோடி குரோனர். எனக்கு எதிரே இருந்து பாணுக்குள் பழுப்புச் சீஸை வைத்துச் சாப்பிட்ட நோர்வேக்காரருக்கு வயிற்றெரிச்சல். பனி கொட்டினால் எங்கள் வீதியை மூடிவிடுவார்கள், லொறி வராது, வெட்டிய மீன் கிடந்துவிடும். "கடலில் இருந்து எடுத்த காசை வெளிநாட்டில் கொண்டுபோய்ப் போடுகிறான்கள், இந்த வீதியைப் பார்க்க ஆள் இல்லை" என்று கத்தியை மேசையில் குத்துவார். நானோ பன்னிரண்டு பேரை வைத்துச் சீட்டு நடத்திக்கொண்டிருந்தவன். முதல் மாதமே சீட்டை எடுத்துக்கொண்டு தலைமறைவானவர்களைப் பார்த்த அனுபவம் உண்டு. ஆகவே எனக்கு அப்போதே அரசாங்கத்தின் பக்கம்தான் மனம் சாய்ந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. கத்தி கையில் இருந்தது.

இந்த நிதியத்தின் ஏற்பாடு மிக எளிமையானது. எண்ணெயிலும் எரிவாயுவிலும் இருந்து அரசுக்கு வரும் பணம் இதற்குள் போகும். எண்ணெய் நிறுவனங்களின் இலாபத்தில் 78 வீதம் வரி என்பதை நினைவில் வைத்தால், எவ்வளவு போகும் என்பது விளங்கும். அந்தப் பணத்தை நோர்வேக்குள் முதலிடக் கூடாது. முதலிட்டால் உள்ளூரில் விலைவாசி வீங்கி, மற்றத் தொழில்கள் படுத்துவிடும். ஆண்டுக்கு எதிர்பார்க்கும் வருமானத்தின் அளவுக்கு மட்டும்தான் அரசு எடுத்துச் செலவழிக்கலாம். 2001இல் அதை 4 வீதம் என்று வகுத்தார்கள், 2017இல் 3 வீதமாகக் குறைத்தார்கள். தேங்காயைப் பறி, தென்னையைத் தறிக்காதே, அவ்வளவுதான். அந்தத் தேங்காயே இன்று அரசின் வருடச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தாங்குகிறது.

உலகப் பங்குச் சந்தைகளில் பட்டியலிட்ட நிறுவனங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அவற்றில் ஏறத்தாழ ஒன்றரை வீதம் இந்தச் சின்ன நாட்டுக்குச் சொந்தம். லண்டன் ரீஜென்ட் வீதிக் கட்டிடங்களில் கால்பங்கு வேறு. 2022இல் ஒரே வருடத்தில் 1,63,700 கோடி குரோனர் நட்டம். அடுப்பில் பூனை படுத்ததாக யாரும் அழவில்லை, தெருவில் யாரும் இறங்கவில்லை. 2024இல் 2,51,100 கோடி இலாபம் வந்தபோதும் ஒருவரும் வெடி கொளுத்தவில்லை. இந்த அலுப்புத்தட்டும் நிதானம்தான் எனக்கு நோர்வேயில் மிகவும் பிடித்த விடயம் என்று சொன்னால் மனைவி சிரிக்கிறாள்.

இதற்கு அத்திவாரம் போட்டவர்களில் ஒருவர் ஈராக்கியர் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஃபாரூக் அல் காசிம் எண்ணெய்த் துறை நிலவியலாளர். மகனின் சிகிச்சைக்காக 1968இல் குடும்பத்தோடு இங்கே வந்தவர். அடுத்த ரயிலுக்கு ஒஸ்லோவில் பல மணிநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சும்மா இருப்பானேன் என்று தொழில்துறை அமைச்சுக்கு நடந்துபோய், எண்ணெய் நிறுவனங்களின் பெயர்ப்பட்டியல் கிடைக்குமா என்று விசாரித்தார். அங்கே எண்ணெய் தெரிந்த ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பிடித்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் அகப்பட்டது. வேலை தேடி எத்தனையோ கதவுகளைத் தட்டிய எங்கள் ஆட்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் பொறாமையைத் தரும். எனக்குத் தந்தது.

நான் எழுத வந்தது வேறு விடயம்.

2004இல் இந்த நிதியத்துக்கு நெறிமுறைக் குழு ஒன்றை அமைத்தார்கள். எந்த நிறுவனத்தில் நோர்வே மக்களின் பணம் இருக்கலாகாது என்று ஆராய்ந்து, காரணத்தை எழுதிப் பரிந்துரைப்பது அதன் வேலை. அந்தக் காரணத்தை யாரும் எடுத்து வாசிக்கலாம். 2007இல் அவர்கள் பரிந்துரைத்து நிதியமைச்சு விலக்கிய நிறுவனங்களில் ஒன்று வேதாந்தா. கூடவே அதன் துணை நிறுவனங்களான ஸ்டெர்லைட்டும், மேட்டூர் அலுமினிய நிறுவனமான மால்கோவும். தூத்துக்குடித் தாமிர ஆலையின் கழிவுகளைப் பற்றியும், ஒடிசாவில் நியமகிரி மலையடிவாரத்தில் பழங்குடி மக்களுக்கு நேர்ந்ததைப் பற்றியும் அந்த அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கிறது. தூத்துக்குடியில் பொலிஸ் சுட்டுப் பதின்மூன்று பேர் செத்தது 2018 மே மாதம். அதற்குப் பதினொரு வருடங்களுக்கு முன்பே இங்கே ஒஸ்லோவில் உட்கார்ந்து ஒருசிலர் அந்த ஊரின் பெயரை எழுதியிருக்கிறார்கள். 2018இல் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவுதான் நான் அந்த அறிக்கையைத் தேடி எடுத்து வாசித்தேன். நோர்வேஜிய மொழிக்குள் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களைக் காண்பது ஒரு மாதிரியாக இருந்தது.

நிதியம் பங்கை விற்றதால் ஆலை மூடவில்லை. விற்ற பங்கை வேறு யாரோ வாங்கியிருப்பார்கள். துப்பாக்கிச் சூட்டையும் அது தடுக்கவில்லை. இதைச் சொல்லி என்னை மடக்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே தலையாட்டிவிடுகிறேன். ஆனால் "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாதபடி ஓர் எழுத்து அங்கே கிடந்தது. ஊரில் இருந்து வந்தவர்களுக்கு அந்த எழுத்தின் விலை தெரியும்.

2006இல் வால்மார்ட்டை விலக்கினார்கள். தொழிலாளர் உரிமை மீறல்தான் காரணம். அமெரிக்கத் தூதர் பகிரங்கமாகக் குறைகூறினார். அன்றைய நிதியமைச்சர் கிறிஸ்டின் ஹால்வொர்சன் அசையவில்லை. இப்போது கதை மாறிவிட்டது. 2025 ஆகஸ்டில், பாலஸ்தீன நிலப்பரப்பில் வீடுகளை இடிக்கும் இயந்திரங்களைக் காரணம் காட்டி, அவற்றைச் செய்யும் அமெரிக்க நிறுவனமான கேட்டர்பில்லரை விலக்கினார்கள். வாஷிங்டன் கோபப்பட்டது. நவம்பரில் பாராளுமன்றம் கூடி, நெறிமுறை விதிகளை மீளாய்வு செய்யும்வரை இப்படி விலக்குவதையே நிறுத்திவைத்துவிட்டது.

நிதியமைச்சர் ஸ்டொல்தன்பர்க்கின் கணக்கு எனக்கு விளங்காமல் இல்லை. இதே அளவுகோலால் அளந்தால் நாளை அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகிளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் எல்லாவற்றையும் விற்க வேண்டிவரலாம். நிதியத்தின் பங்கு முதலீட்டில் அமெரிக்கத் தொழில்நுட்பப் பெருநிறுவனங்கள்தான் மிகப் பெரிய கட்டி. அதை இழந்தால் ஓய்வூதியத்தில் கைவைத்ததாகிவிடும். அவர் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவரும் அல்லர்.

ஆனாலும் இது என்ன நியாயம்? சின்ன நிறுவனம் குற்றம் செய்தால் அறிக்கை எழுதி வெளியேற்றுவோம், பெரிய நிறுவனத்தை வெளியேற்ற வேண்டிவரும் என்று தெரிந்தால் அளவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவோம் என்பதா? திருச்சியில் கொதிகலன் செய்யும் பெல் நிறுவனத்தை 2017இல் விலக்கினார்கள். வங்காளதேசத்து ராம்பால் அனல் மின்நிலைய வேலையை எடுத்ததற்காக, சுந்தரவனக் காட்டுக்கு ஆபத்து என்று. மியன்மார் இராணுவத்தோடு இருந்த தொடர்புக்காக 2024இல் அதானி துறைமுக நிறுவனத்தை விலக்கினார்கள். அப்போதெல்லாம் விதியை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஒஸ்லோவில் யாருக்கும் தோன்றவில்லை. இந்தியா கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பாராளுமன்றம் அவசரமாகக் கூடவும் இல்லை.

எண்ணெய் விற்றுச் சேர்த்த காசில் ஒழுக்கம் பேசுவதே பாசாங்கு என்று என் நண்பர் ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். இருக்கட்டும். ஆனால் காரணத்தை எழுதி வெளியிடுகிற பாசாங்கை நான் வேறு எந்த நாட்டுக் கஜானாவிடமும் அதிகம் கண்டதில்லை. அதனால்தான் இது கைவிட்டுப் போகும்போது வலிக்கிறது.

மீளாய்வுக் குழு அறிக்கை கொடுத்ததும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது இங்கே வழமை. யாரும் எழுதி அனுப்பலாம், அமைச்சு அதை அப்படியே பதிவேற்றும். நான் எழுதப் போகிறேன். 2007ஆம் ஆண்டு அறிக்கையின் தூத்துக்குடிப் பக்கங்களை இப்போதே அச்செடுத்து மேசை இலாச்சிக்குள் வைத்திருக்கிறேன். என் நோர்வேஜிய மொழியில் பால் விகுதிகள் எப்போதும் தகராறு செய்யும். திருத்தித் தருவதாகப் பேரன் சொல்லியிருக்கிறான், பக்கத்துக்குப் பத்துக் குரோனர் கூலிக்கு.